கடலுக்குப் போட்ட வேலி



"சார், இந்த மரத்துல பிளாஸ்டிக்கா காய்க்குது?"

இப்படிக் கேட்டவள் எங்கள் தோட்டப் பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுமி. பள்ளி விடுமுறைக்கு முன்னால், பெற்றோர் சிலரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, பிள்ளைகளைப் புலாவ் கெத்தாம் தீவுக்குக் கூட்டிச் சென்றிருந்தோம். கிள்ளான் துறைமுகத்தில் படகு ஏறி அந்த நண்டுத் தீவை நோக்கிப் போகும்போது, இருபுறமும் பாக்காவ் மரக் காடுதான். நாங்கள் போனது நீர் வடிந்திருந்த வேளை. மரங்களின் வேர்களெல்லாம் சேற்றுக்கு மேலே வெளிப்பட்டு நின்றன. அந்த வேர்களிலும் தாழ்ந்த கிளைகளிலும் சிவப்பும் நீலமும் வெள்ளையுமாகப் பைகள் தொங்கிக்கொண்டிருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால், குழந்தை கேட்டது போலவே, காய்த்துத் தொங்குவதாகத்தான் தோன்றியது.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பதில் சொல்ல வாய் வரவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய பாட்டி சொன்னார்: "இது என்னா வாத்தியாரே, வெறும் சேத்துக் காடு! கொசுவும் பாம்பும் அடையற எடம். அந்தக் காலத்துல கடலோரத் தோட்டம்னாலே காய்ச்சல்தான். வெட்டித் தள்ளிட்டு நாலு வீடு கட்டினா ஏழைபாழைக்கு ஆகும்."

பேத்தி கேட்ட கேள்வி ஒன்று. பாட்டி சொன்ன கருத்து ஒன்று. இரண்டுக்கும் அன்று படகில் பதில் சொல்ல முடியாமல் போய்விட்டது. வீடு திரும்பிய பிறகு படித்துப் பார்த்தேன். விவரம் தெரிந்தவர்களிடமும் கேட்டேன். கிடைத்ததை இந்த இதழில் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அந்தக் காட்டை அறிந்துகொள்வோம்.

உப்பு நீரும் நல்ல நீரும் கலக்கும் ஆற்று முகத்துவாரங்களில், அலை வந்து வந்து போகும் சேற்றில் வளர்வது இந்தக் காடு. தமிழ்நாட்டில் இதை அலையாத்திக் காடு என்பார்கள். அலையின் வேகத்தை ஆற்றுவதால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வதுண்டு. சுரபுன்னை, கண்டல் என்றும் பெயர்கள் உண்டு. நம் நாட்டில் பாக்காவ், அப்பி அப்பி, பெரெம்பாங் என்று வகை வகையாக இருக்கின்றன. கோல சிலாங்கூரில் கம்போங் குவாந்தான் ஆற்றோரம் இரவில் மின்மினிகள் கூட்டமாக மின்னுமே, அவை குடியிருப்பது பெரெம்பாங் மரத்தில்தான்.

இவற்றில் ஒரு மரத்தைப் பற்றிச் சொன்னால் பால் மரம் சீவியவர்களுக்கு வியப்பாக இருக்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான தில்லை மரமும் இந்தக் காட்டைச் சேர்ந்ததுதான். அதன் பட்டையைக் கீறினால் நம் ரப்பர் மரத்தைப் போலவே வெள்ளைப் பால் வடியும். காரணம், இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் ரப்பர் பால் நமக்குச் சோறு போட்டது. தில்லைப் பால் கண்ணில் பட்டால் பார்வையே போய்விடக் கூடும். அதனால்தான் மலாய்க்காரர்கள் அதற்குக் குருடு என்று பொருள்படும்படி 'பூத்தா பூத்தா' என்று பெயர் வைத்தார்கள். நடராசர் கோயிலின் தல மரத்துக்கு இங்கே நம் கிள்ளான் கடற்கரையில் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள் என்றால் ஆச்சரியந்தானே!

சேற்றுக்குள் காற்றோட்டம் கிடையாது. அங்கே சாதாரண மரத்தை நட்டால் வேர் மூச்சு முட்டி அழுகிவிடும். ஆகவே இந்த மரங்கள் வேரை வெளியே நீட்டி மூச்சு விடுகின்றன. பாக்காவ் மரம் பந்தல்கால் ஊன்றியது போல வேர்களை ஊன்றி நிற்கும். அப்பி அப்பி மரத்தைச் சுற்றிப் பார்த்தால், பென்சில்களைத் தலைகீழாகக் குத்தி வைத்தது போல நூற்றுக்கணக்கான வேர் நுனிகள் சேற்றிலிருந்து எட்டிப் பார்க்கும். ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் உண்டு. அவைதான் மரத்தின் மூக்கு. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

விதையின் கதை அதைவிட வேடிக்கை. பாக்காவ் மரத்தின் விதை தாய் மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். பக்குவம் வந்ததும் சேற்றில் விழுந்து குத்தி நிற்கும். அல்லது நீரில் மிதந்து போய் வேறோர் இடத்தில் வேர் பிடிக்கும். பிள்ளையை நடக்கப் பழக்கிய பிறகே வெளியே அனுப்பும் தாயைப் போன்றது அந்த மரம்.

இனி பாட்டியின் பேச்சுக்கு வருவோம்.

கடலோரத் தோட்டம் என்றாலே காய்ச்சல் என்று அவர் சொன்னது பொய்யல்ல. இன்று கிள்ளான் துறைமுகம் என்று நாம் சொல்லும் போர்ட் சுவெட்டன்ஹாம் 1901ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோது, அங்கே வேலை செய்தவர்கள் மலேரியாவில் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். அதே ஆண்டில் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். மலேரியாவைக் கொசு சுமக்கிறது என்பதை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்து அப்போது நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வாட்சன் அந்தக் கண்டுபிடிப்பை நம்பினார். ஊரைச் சுற்றியிருந்த சதுப்பில் கால்வாய் வெட்டி நீரை வடித்தார்; காட்டை அகற்றினார்; கடல் நீர் ஏறாமல் கரை கட்டச் செய்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. நம் பாட்டன் பூட்டன் பலர் உயிர் பிழைத்தது அதனால்தான். அந்த நன்றியை நாம் மறக்கக் கூடாது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சமவெளியில் பலித்த வைத்தியம் குன்றுத் தோட்டங்களில் பலிக்கவில்லை. அங்கே காட்டை வெட்டி ஓடைகளில் வெயில் படச் செய்ததும் காய்ச்சல் குறைவதற்குப் பதிலாகக் கூடியது! ஏன்? நிழலை விரும்பும் கொசு வேறு. வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடும் கொசு வேறு. வாட்சன் இதைக் கண்டுகொண்டு, குன்றுப் பகுதிக்கு வேறு வழிகளைத் தேடினார். கடலோரத்திலும் இதே போன்ற ஆபத்து உண்டு. பாக்காவ் காட்டை வெட்டிவிட்டு, நீர் போக்குவரத்தை அரைகுறையாக அடைத்து வைத்தால், வெயில் காயும் உப்பு நீர்க் குட்டைகள் தேங்கும். அந்தக் குட்டைகளுக்கென்றே ஒரு மலேரியாக் கொசு இருக்கிறது. அலை தாராளமாக வந்து போகும் காட்டைவிட, வெட்டிப் போட்டுத் தேங்கவிட்ட இடமே அதற்குப் பிடித்தமானது.

இன்று நிலைமை வேறு. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் நம் நாட்டில் உள்ளூரில் தொற்றவில்லை. குரங்கிடமிருந்து காட்டு வழியாக வரும் ஒரு வகை மட்டும் இன்னும் தொல்லை தருகிறது. நம் குடியிருப்புகளில் இன்று ஆளைச் சாய்ப்பது டிங்கி. அந்தக் கொசு சேற்றுக் காட்டில் வளர்வதில்லை. நம் வீட்டுப் பூந்தொட்டித் தட்டிலும், கழற்றிப் போட்ட டயரிலும், சாமி மேடைக்குப் பின்னால் மறந்துபோன செம்பிலும் வளர்கிறது. வீட்டில் கொசுவை வளர்த்துக்கொண்டு காட்டின் மேல் பழி போடுவது நியாயமா என்று பாட்டிமார்கள்தான் சொல்ல வேண்டும்.

சரி, அந்தக் காட்டால் நமக்கு என்ன ஆதாயம்?

கேரித் தீவை உங்களில் பலருக்குத் தெரியும். உறவினர் இல்லாத குடும்பமே இல்லை எனலாம். அந்தத் தீவு ஒரு காலத்தில் பாக்காவ் சதுப்பு. எட்வர்டு வேலண்டைன் கேரி என்ற துரையின் பெயரால் வழங்கும் அந்த நிலத்தைச் சுற்றி மண்கரை எழுப்பி, கால்வாய் வெட்டி, தண்ணீர்க் கதவு வைத்துத் தோட்டமாக்கினார்கள். நீர் வடியும்போது கதவைத் திறந்து உள்நீரை வெளியே விடுவது, ஏறும்போது அடைத்துக் கடலைத் தடுப்பது, இதுதான் கடலோரத் தோட்டங்களின் உயிர்மூச்சு. கரை உடைந்தால் உப்பு நீர் உள்ளே புகும், செம்பனை பட்டுப்போகும், லைன் வீட்டுக்குள் தண்ணீர் வரும்.

அந்த மண்கரைக்கு முன்னால் நிற்கும் வேலிதான் பாக்காவ் காடு. ஓடி வரும் அலை வேர்களுக்குள் புகுந்து சிக்கித் தன் வேகத்தை இழக்கிறது. வேகம் குறைந்த நீர் தான் சுமந்து வந்த வண்டலை அங்கேயே இறக்கி வைக்கிறது. நிலம் மெல்ல மெல்ல உயர்கிறது. வேலி போனால் அலை நேரே கரையில் மோதி மண்ணை அரிக்கத் தொடங்கும். கேரித் தீவின் கடலோரத்தில் ஒரு பகுதியில் இப்படிக் காடு அழிந்து போனபோது, ஆய்வாளர்கள் அலையைத் தணிக்க நீருக்குள் ஒரு தடுப்பணை போட்டு, கன்றுகளையும் நட்டுப் பார்த்தார்கள். 2014இல் வெளிவந்த அவர்களுடைய அறிக்கையின்படி, தடுப்புக்குப் பின்னால் வண்டல் சேர்ந்து கடல் தரை உயர்ந்தது. மரம் வளர்வதற்கு ஏற்ற நிலம் அமைந்தது. காடு இருந்த காலத்தில் கூலி இல்லாமல் நடந்த வேலை இது. காடு போன பிறகு, நிலத்தைப் பக்குவப்படுத்துவதற்கே இத்தனை பாடுபட வேண்டியிருந்தது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நம் நாட்டில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள், பெரும்பாலோர் பினாங்கில். தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான உயிர்கள் போயின. அங்கே சிதம்பரத்துக்கு அருகில் பிச்சாவரம் என்றோர் அலையாத்திக் காடு இருக்கிறது. எம்.ஜி.ஆர். நடித்து 1975இல் வந்த 'இதயக்கனி' படத்தில் படகில் போகும் காட்சிகள் எடுத்த இடம் என்றால் உடனே நினைவுக்கு வரும். அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த சிற்றூர்கள், திறந்த கடற்கரையில் இருந்த ஊர்களைவிடக் குறைவாகவே சேதமடைந்தன என்று பிறகு ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். மேட்டு நிலமும் கடலிலிருந்து இருந்த தூரமும்கூடக் காரணம் என்று வேறு சிலர் சொன்னார்கள். இரண்டிலும் உண்மை இருக்கலாம். காடு இருந்தால் எந்தப் பேரலையும் தொடாது என்று நான் சொல்ல வரவில்லை. அன்றாட அலையையும், பருவக் காற்றையும், புயல் நீரையும் தணிக்க அதற்கு ஈடான வேலி இல்லை என்பதே செய்தி.

வயிற்றுக்கும் அது உதவுகிறது. இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் பெரிய மீனுக்குத் தப்பி ஒளிந்து வளர்வது அந்த வேர்களின் இடுக்கில்தான். உதிர்ந்த இலை மக்கி அவற்றுக்கு இரையாகிறது. நண்டுக்கு அது வீடு. காட்டுக்கு முன்னால் விரிந்து கிடக்கும் சேற்றில் கெராங் விளைகிறது. சந்தையில் இறால் விலை ஏறிவிட்டதே என்று நாம் முணுமுணுக்கிறோம். இறாலின் ஆயாக்கொட்டகையை இடித்துவிட்டால் விலை ஏறாமல் என்ன செய்யும்?

அப்படியானால் ஒரு மரத்தையும் தொடாமல் பூட்டி வைக்க வேண்டுமா? அதுவும் இல்லை. இங்கேதான் தோட்டத்து மக்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாடம் இருக்கிறது.

என் தாயார் பூச்சோங்கில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். இன்று அந்தத் தோட்டம் இல்லை. அடுக்குமாடிகளும் கடைவீடுகளும் நிற்கின்றன. சிறுவயதில் விடுமுறை நாளில் அவருக்குத் துணையாகப் போவேன். ஒரு நாள் வெட்டிய மரத்தை மறுநாள் விட்டுவிட்டு அடுத்த நிரைக்குப் போவார். "ஏம்மா, இன்னும் பால் இருக்குமே" என்றால், "மரத்துக்கும் மூச்சு வாங்க வேணாமாடா?" என்பார். பட்டையைச் சீவும்போது கத்தி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டால் காயம் விழும். அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக மீளாது. தண்டல் வந்து தடவிப் பார்த்துச் சத்தம் போடுவார். பால் வேண்டும், ஆனால் மரமும் இருக்க வேண்டும். இந்தக் கணக்கை எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார் நன்றாகவே அறிந்திருந்தார்.

பேராக் மாநிலத்தில் மாத்தாங் என்ற இடத்தில் இதே கணக்கைக் காட்டில் போட்டிருக்கிறார்கள். சுமார் 40,000 எக்டர் பாக்காவ் காடு அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வன இலாகாவின் பராமரிப்பில் இருந்து வருகிறது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியை வெட்டினால் மீண்டும் அதைத் தொட முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வெட்டிய இடத்தில் இயற்கையாகக் கன்று முளைக்காத வெற்றிடங்களைக் கண்டு நடவு செய்கிறார்கள். மரங்களுக்குப் பதினைந்து வயதாகும்போது நான்கு அடிக் கோலை அளவாக வைத்து, நெருக்கமாக நிற்பவற்றைக் களைகிறார்கள். இருபது வயதில் ஆறு அடிக் கோல். களைந்த கழிகள் கட்டட வேலைக்கும் மீன்பிடிக்கும் போகின்றன. முப்பதில்தான் முழு வெட்டு. ஆற்றங்கரை ஓரமாக ஒரு வரிசை மரங்களை வெட்டாமல் விட்டுவிட வேண்டும் என்பது விதி. கரை இடியாமல் காப்பது அதுதான்.

வெட்டிய கட்டைகளைப் பட்டை உரித்துக் கோல செபெத்தாங்கில் உள்ள கரிச் சூளைகளில் அடுக்குகிறார்கள். கோல செபெத்தாங்கின் பழைய பெயர் போர்ட் வெல்டு. 1885இல் மலாயாவின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து ஓடியது அந்த ஊருக்குத்தான். கவிழ்த்து வைத்த பெரிய பானை போன்ற செங்கல் சூளைகள் அவை. வாசலில் மட்டும் நெருப்பு மூட்டி, உள்ளே கட்டைகள் எரிந்துவிடாமல் வெந்து கரியாகும்படி ஏறக்குறைய ஒரு மாதம் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் புகையின் நிறத்தையும் மணத்தையும் வைத்தே சூளைக்காரர் சொல்லிவிடுவார்.

நூறாண்டுக்கு மேலாக வெட்டியும் மாத்தாங் காடு காடாகவே இருக்கிறது. உலகம் முழுவதிலுமிருந்து வன அதிகாரிகள் அதைப் பார்த்துப் படிக்க வருகிறார்கள். ஆனால் அதையும் குறை இல்லாதது என்று சொல்லிவிட முடியாது. பழைய காலத்து விளைச்சல் இப்போது இல்லை என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். முப்பது ஆண்டு ஓய்வே போதாதோ என்ற கேள்வி எழுந்திருக்கிறது.

அளவு தெரியாமல் வெட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பிச்சாவரமே சாட்சி. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அங்கே பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். மரம் போனதும் வெயிலில் சேறு காய்ந்து, நிலம் தாழ்ந்து, தட்டுப் போலக் குழிந்துவிட்டது. ஏறிவந்த கடல் நீர் வடிய வழியில்லாமல் அங்கேயே தேங்கி ஆவியாக, உப்பு மேல் உப்பாகச் சேர்ந்து, பாக்காவ் மரம்கூட முளைக்க முடியாத களராகிவிட்டது. பிறகு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையினரும் ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு, மீன் முள் வடிவில் கிளைக் கால்வாய்களை வெட்டினார்கள். அலை மறுபடியும் உள்ளே வந்து போனது; உப்பு கழுவப்பட்டது; நட்ட கன்று பிழைத்தது. நோய் மரத்தில் இல்லை, நீரோட்டத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடித்ததுதான் வைத்தியம்.

ஆகவே, ஆழிப்பேரலைக்குப் பிறகு எல்லோரும் செய்தது போல, கையில் கன்றை எடுத்துக்கொண்டு போய்ச் சேற்றில் குத்திவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு வந்தால் போதாது. எந்த இடத்தில் எந்த வகை நிற்கும், அலை எவ்வளவு, நீர் எப்படி வடிகிறது என்று பார்த்து நட வேண்டும். நட்ட பிறகும் போய்ப் பார்க்க வேண்டும். பினாங்கின் கரையோர மீனவர் நலச் சங்கத்தார் 1990களிலிருந்தே இதைச் செய்து வருகிறார்கள். வலை இழுக்கும் கைகளே கன்றையும் நடுகின்றன. தங்கள் பிழைப்பு அந்த வேரில் இருப்பதை உணர்ந்தவர்கள் அவர்கள்.

இப்போது பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். இதுதான் எனக்குக் கடினமான பகுதி.

மரத்தில் பிளாஸ்டிக் எப்படிக் காய்த்தது? நான் குடியிருக்கும் பூச்சோங்கின் ஓரமாகக் கிள்ளான் ஆறு ஓடுகிறது. கோலாலம்பூருக்கு மேலே மலையில் பிறந்து, சுமார் 120 கிலோமீட்டர் ஓடி, கிள்ளான் துறைமுகத்தருகே கடலில் கலக்கிறது. வழியெல்லாம் நம் வீடுகள், கடைகள், தொழிற்சாலைகள். நம் வாசல் லோங்காங்கில் விழுந்த ஒரு பை, மழை பெய்தால் பெரிய வடிகாலுக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து முகத்துவாரத்துக்கும் போகிறது. அங்கே அலை திருப்பித் தள்ளும்போது முதலில் கை நீட்டிப் பிடிப்பது பாக்காவ் வேர்தான். 2019இல் நெதர்லாந்து நாட்டு அமைப்பு ஒன்று ஆற்றுக் குப்பையை அள்ளும் ஓர் இயந்திரப் படகைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, உலகத்தில் எத்தனையோ ஆறுகள் இருக்க, முதலில் தேர்ந்தெடுத்த சில ஆறுகளில் நம் கிள்ளான் ஆறும் ஒன்று. பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா?

அப்பி அப்பி மரத்தின் மூக்கு பற்றிச் சொன்னேன் அல்லவா? அந்த வேர் நுனிகளின் மேல் பிளாஸ்டிக் படிந்து மூடினால் மரம் மூச்சு முட்டும். கப்பலிலிருந்தோ பட்டறையிலிருந்தோ கழிவெண்ணெய் வந்து பூசிக்கொண்டால் துளைகள் அடைபடும். இலை மஞ்சளாகி உதிரும். நாளடைவில் மரம் நின்ற நிலையிலேயே பட்டுப்போகும். வெட்டரிவாள் படாமலேயே ஒரு காட்டைக் கொல்ல முடியும்.

படகில் நான் பதில் சொல்லாமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் தகப்பனார் காலமானார். வாழ்நாள் முழுவதும் தோட்டத்தில் உழைத்தவர். அஸ்தியைக் கரைக்கக் கிள்ளான் பக்கத்தில் ஒரு கடலோரத்துக்குப் போனோம். சடங்கு முடிந்ததும், மாலை, பன்னீர்ப் போத்தல், சூட டப்பா, அவர் உடுத்திய சட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, நானே தண்ணீரில் வீசினேன். "எல்லாம் அவரோடு போகட்டும்" என்று பெரியப்பா சொன்னார். சாம்பல் போய்விட்டது. பை போயிருக்காது. படகில் அந்தச் சிறுமி கை நீட்டிக் காட்டிய பைகளில் ஒன்று என்னுடையதாக இருக்கலாமே என்ற எண்ணம் என்னைக் குத்தியது. பிள்ளைகளுக்குத் தூய்மை பற்றிப் பாடம் நடத்தும் வாத்தியார் நான்!

அப்பாவுக்கு நான் செய்த மரியாதை அதுதானா என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். கரைய வேண்டியது கரையட்டும். மலரும் சாம்பலும் மண் கலயமும் போகலாம். கரையாததைத் திரும்பக் கொண்டுவருவதால் எந்தச் சடங்கும் குறைபடாது, எந்த ஆத்மாவும் வருந்தாது. அண்மையில் எங்கள் உறவில் ஒரு காரியம் நடந்தபோது இதைச் சொன்னேன். பெரியவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு பெரியப்பாவே, "வாத்தியான் சொல்றது சரிதாண்டா, பையை இங்க கொண்டா" என்று கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

நாம் பெரிய அதிகாரிகள் அல்லர். ஆனால் நம்மால் ஆவது சில உண்டு.

வாசல் லோங்காங்கில் குப்பை போடாமல் இருப்போம். அடுத்த வீட்டுப் பிள்ளை போட்டாலும் அன்பாகத் தடுப்போம். மோட்டார் சைக்கிளின் பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் பட்டறையில் கொடுப்போம். ஆற்றோரம், கடலோரம் பூசை செய்தால் கொண்டுபோனதை எண்ணி, கரையாததைத் திருப்பிக் கொண்டுவருவோம். கடலோரத் தோட்டத்தில் இருப்பவர்கள், மண்கரைக்கு முன்னால் நிற்கும் மரத்தை விறகுக்கென்று வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே மரம் கூட்டமாகப் பட்டுப்போனாலோ, எண்ணெய் படிந்து கிடந்தாலோ வன இலாகாவுக்கும் சுற்றுச்சூழல் இலாகாவுக்கும் தெரிவியுங்கள்.

"நம்ம பேச்சை யார் கேட்பாங்க?" என்று கேட்காதீர்கள். சிலாங்கூரில் ஒரு காப்புக்காட்டைப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கு முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 2011இல் சட்டம் வந்தது. பந்திங் பக்கத்தில் உள்ள வடக்குக் கோல லங்காட் காப்புக்காட்டை மேம்பாட்டுக்காக எடுக்கப் போவதாக 2020இல் அறிவிப்பு வந்தபோது, அங்கே வாழும் பூர்வகுடி மக்களும் மற்றவர்களும் ஆயிரக்கணக்கில் மறுப்புத் தெரிவித்தார்கள். 2021 செப்டம்பரில் மாநில அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டது. அது பாக்காவ் காடு அல்ல, கரிச்சேற்றுக் காடு. ஆனாலும் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு என்பதை அது காட்டியது. நம் மக்களில் எத்தனை பேர் அன்று கையெழுத்துப் போட்டோம் என்பதை அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது நம் வாய் மூடியிருந்ததால் பட்ட பாடு நமக்குத் தெரியாததா?

சுற்றுலா முடிந்த அடுத்த வாரம், பள்ளியின் பின்புற வடிகாலில் பிள்ளைகளைக் கொண்டு ஒரு பழைய வலையைக் கட்டி வைத்தேன். வெள்ளிக்கிழமை அவிழ்த்தபோது இரண்டு கோணிப் பை நிறையக் குப்பை. மிட்டாய்த் தாளும் பானக் கோப்பையும் உறிஞ்சு குழலுமாக, அத்தனையும் நம் பள்ளியிலிருந்தும் லைன் வீடுகளிலிருந்தும் வந்தவை. அதைத் தரையில் பரப்பி, அந்தச் சிறுமியை அழைத்து, "படகில் நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில், அம்மா. அங்கே காய்த்தது, விதை போட்டது இங்கே" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்படீன்னா, நாம போடாம விட்டா அங்க காய்க்காதில்ல சார்?"

வலை இன்னும் கட்டித்தான் இருக்கிறது. வெள்ளிதோறும் அவிழ்த்துப் பார்க்கிறோம். இப்போதெல்லாம் ஒரு பைகூட நிறைவதில்லை. உங்கள் தோட்டத்திலும் குடியிருப்பிலும் இப்படி ஒரு வலை கட்டிப் பாருங்கள். என்ன கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள்.